பேரில்லாத புகார்

வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளில் எந்த வேலைக்கும் ஆள் கிடைத்துவிடும். வெளிநாட்டுக் கம்பெனி சோதனைக்கு ஆள் அனுப்பும்போது எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல மட்டும் லேசில் ஆள் கிடைக்காது. ஒருத்திக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஒருத்தி சிரித்துத் தொலைப்பாள். இன்னொருத்தி கேள்வி முடிவதற்குள் மூக்கைச் சிந்த ஆரம்பிப்பாள். மாயம்மாளிடம் இந்தத் தொந்தரவு எதுவும் இல்லை. என்ன கேட்டாலும் முகம் அப்படியே இருக்கும், குரல் ஏறாது, இறங்காது. ஏழெட்டு வருசமாக அந்த மில்லில் சோதனை என்றால் முதல் நாற்காலி அவளுக்குத்தான்.

நாற்பத்து நான்கு வயது. ஐந்தாவது வரை படிப்பு, கையெழுத்து மட்டும் முத்து முத்தாகப் போடுவாள். கணவர் வேலுசாமி ஒன்றரை ஏக்கரில் முருங்கை போட்டிருக்கிறார். மனிதர் சாது, ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவர். மகள் அன்புக்கரசியைச் செம்பட்டியில் கட்டிக்கொடுத்தாயிற்று, கையில் ஒரு குழந்தை. மாயம்மாள் மில்லுக்குள் நுழைந்து இருபத்து மூன்று வருசம் ஆகிறது. நூல் அறுந்தால் ஒட்ட வேண்டும். அறுந்துகொண்டேதான் இருக்கும், ஒட்டிக்கொண்டே நடக்க வேண்டும். ஒரு ஷிப்டில் அவள் நடக்கிற நடையை நேர் ரோட்டில் நடந்திருந்தால் திண்டுக்கல்லுக்கே போய்ச் சேர்ந்திருப்பாள்.

அந்த முகம் பிறவியில் வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த மறுவருசம், அப்போது மேஸ்திரியாக இருந்த முத்துக்கிருஷ்ணன் பஞ்சு மூட்டை அடுக்கிய அறைக்கு அவளைக் கூப்பிட்டான். போனாள். மேஸ்திரி கூப்பிட்டால் போக வேண்டும், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து நூல் ஒட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு உள்ளே என்னவோ மரத்துப்போனது, அப்புறம் உணர்ச்சி திரும்பவே இல்லை. மாமியார் செத்தபோது அழுகை வரவில்லை. மகள் கல்யாணத்தில் சந்தோசம்கூட அரைகுறையாகத்தான் வந்தது. சனங்கள் அவளுக்கு அழுத்தக்காரி என்று பேர் வைத்தார்கள். பேர் வைக்க மட்டும் சனங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

முத்துக்கிருஷ்ணன் இப்போது ஷிப்ட் இன்சார்ஜ். நெற்றி நிறையத் திருநீறு, போனைத் திறந்தால் பேரன் போட்டோ. தங்கமான மனிதர் என்று வெளியே பேச்சு. தினமும் காலையில் அவர் முன்னால் நின்று வருகையைச் சொல்லிவிட்டுத்தான் மாயம்மாள் மிஷினுக்குப் போவாள். அவரைப் பார்த்தால் கோபம் வருமா என்றால், அதுவும் வருவதில்லை. பழகிவிட்டது என்று சொல்வார்களே, அந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான்.

மில்லின் நூலைத் துணியாக்கி விற்கிற கம்பெனி ஐரோப்பாவில் இருக்கிறது. வேலை செய்கிற இடத்தில் ஒருவரும் ஒருவரிடமும் வன்முறை செய்யக்கூடாது, சீண்டக்கூடாது என்று பல நாட்டு ஆட்கள் ஜெனீவாவில் கூடி ஓர் உடன்படிக்கை போட்டார்கள். அதன்படி நடக்கிற மில்லிடம்தான் நூல் வாங்குவோம் என்று அந்தக் கம்பெனி ஒப்பந்தம் எழுதிவிட்டது. உடன்படிக்கை தமிழில் ஒரு போர்டாகி, கேன்டீன் சுவரில் ஏறியது. அதன் ஆணியில் பெண்கள் சாப்பாட்டுப் பையை மாட்டினார்கள். வேறு எந்த உபயோகமும் அதனால் அதுவரைக்கும் இல்லை.

ஒப்பந்தப்படி ஒரு புகார்க் கமிட்டி வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். மனிதவள அதிகாரி ஜெரோம் மாயம்மாளைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. மேனேஜர் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டார், அதுதான் அவர் குறை.

"மாயம்மாக்கா, இனிமே நீங்கதான் கமிட்டித் தலைவர்."

"நான் என்ன சார் செய்யணும்?"

"மாசம் ஒரு கையெழுத்துப் போடணும்."

போட்டாள். தாளின் மேலே 'இம்மாதம் புகார் ஏதும் வரவில்லை' என்று முன்கூட்டியே அச்சடித்திருக்கும்.

சோதனைக்கு முதல் நாள் ஜெரோம் ஒத்திகை நடத்துவார். எழுதிக் கொடுத்தால் பெண்கள் தொலைத்துவிடுகிறார்கள் என்று, விரலுக்கு ஒரு பதிலாக மடக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். கட்டை விரலுக்கு, எட்டு மணி நேரம் வேலை. ஆள்காட்டி விரலுக்கு, நாங்க விருப்பப்பட்டால்தான் ஓவர்டைம். நடுவிரலுக்கு, பதினெட்டு வயசுக்குக் கீழே யாரும் இல்லை. அடுத்ததற்கு, பாத்ரூம் போகத் தடை இல்லை. சுண்டு விரலுக்கு, புகார் ஒன்றும் வரவில்லை. வருகிறவர்களும் வருசா வருசம் ஒரே வரிசையில்தான் கேட்டார்கள். போகப் போக மாயம்மாள் கேள்வியைக் காதில் வாங்குவதையே விட்டுவிட்டாள். எதிரே இருப்பவர் வாயை மூடினால் ஒரு விரலை மடக்கிப் பதிலைச் சொல்வாள். கச்சிதமாக இருக்கும்.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், ஷிப்ட் முடிந்து மில் பஸ்ஸில் ஏறியபோது தமிழ்மதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பத்தொன்பது வயசு, மாயம்மாள் வீட்டுக்கு அடுத்த தெரு.

"அத்தை, ஒங்கிட்ட ஒன்னு சொல்லணும்."

"சொல்லு தாயி."

"இன்சார்ஜ் என்னைய பஞ்சு ரூமுக்குக் கூப்புடுறாரு. ரெண்டு வாட்டி தீபாவத் தொணைக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். இனிமே தனியாத்தான் வரணுங்கிறாரு. வரலைன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவேன்னு சொல்றாரு."

மாயம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சூரியகாந்திக் காடு ஒன்று போனது, கோழிப் பண்ணை ஒன்று போனது.

"நீதான கமிட்டித் தலைவரு. ஏதாச்சும் பண்ணு அத்தை. ஆனா எம்பேரு மட்டும் வெளிய வரக்கூடாது. தையில கல்யாணம் பேசியிருக்காக. மாப்ள வீட்டுல தெரிஞ்சா அம்புட்டுத்தான்."

"பாப்போம்," என்றாள் மாயம்மாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம் என்று ஒன்று வந்ததே அவளுக்கு ஆச்சரியம்.

மறுநாள் ஜெரோமிடம் போனாள். யார் மேல் என்பதையும் சொல்லவில்லை. ஒரு பிள்ளை புகார் சொல்கிறது என்று மட்டும் சொன்னாள்.

"பேரு?"

"பேரு வேணாம் சார்."

"பேரில்லாம புகார் செல்லாதுக்கா. எழுத்துல வரணும், பேரு, கையெழுத்து எல்லாம் இருக்கணும். சட்டமே அப்பிடித்தான். யாருன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"சொல்றதுக்கில்ல சார்."

"அப்ப விடுங்க."

விட்டுவிட்டாள். அந்த மாதத் தாளிலும் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து எப்போதும்போல முத்து முத்தாகவே விழுந்தது. தமிழ்மதி வயிற்று வலி என்று ஒரு வாரம் லீவு போட்டாள். வீட்டில் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

சோதனை அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்து விழுந்தது.

இந்தத் தடவை வந்தது வெள்ளைக்காரர் இல்லை. சபிஹா என்று ஒரு பெண், முப்பது முப்பத்தைந்து இருக்கும். திண்டுக்கல் பேகம்பூரில் பிறந்து, பெங்களூரில் வேலை பார்ப்பவள். மொழிபெயர்க்க ஆள் வேண்டாம் என்று ஜெரோமை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஏசி அறை. மாயம்மாள் சேலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஜெனீவா உடன்படிக்கைல இந்தியா இன்னும் சேரல. ஆனா நூல் வாங்குறவங்க ஒத்துக்கிட்டிருக்காங்க. அதனால இந்த மில்லுக்கும் அது உண்டு," என்று ஆரம்பித்து, இன்னும் என்னவோ சொன்னாள். பிறகு வாயை மூடினாள்.

மாயம்மாள் கட்டை விரலை மடக்கினாள். "எட்டு."

சபிஹா நிமிர்ந்தாள். "எட்டுப் புகாரா வந்திருக்கு?"

வருசா வருசம் ஐந்தாவதாக வருகிற கேள்வி முதலிலேயே வந்திருந்தது. மாயம்மாள் விரலை மெல்ல விரித்தாள்.

"இல்லம்மா, மாத்திச் சொல்லிட்டேன். எட்டு மணி நேரம் வேலைங்கிறது மொதக் கேள்விக்கு."

இன்னொருத்தியாக இருந்தால் சிரித்திருப்பாள். சபிஹா பேனாவைக் கீழே வைத்தாள்.

"எல்லாரையும் இப்பிடித்தான் படிக்க வச்சிருக்காங்களா?"

"ஆமா."

"சரி, அந்தப் பாடத்த விடுங்க. புகார் எத்தன வந்துச்சு?"

சுண்டு விரலுக்கான பதில் நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம், மூன்று நிமிச வேலை. மாயம்மாள் சுண்டு விரலைப் பார்த்தாள். இன்று வெள்ளி. நாளைக்கு, நாளை மறுநாள், அப்புறம் திங்கள்.

"ஒன்னு இருக்கு."

"யார் மேல?"

"ஷிப்ட் இன்சார்ஜ் முத்துக்கிருஷ்ணன். பொம்பளப் புள்ளைகளப் பஞ்சு ரூமுக்குத் தனியாக் கூப்புடுவாரு."

"புகார் குடுத்தது யாரு?"

மாயம்மாள் சேலையில் மிச்சமிருந்த பஞ்சைப் பிய்த்து எடுத்தாள். சபிஹா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, ஒரு பேர் கையெழுத்தோட எங்கிட்ட வந்தா, இன்னைக்குச் சாயங்காலமே அந்தாள ஷிப்ட விட்டு எடுக்கச் சொல்லுவேன். விசாரணை முடியிற வரைக்கும் அவரு உள்ள வர முடியாது. எடுக்கலைன்னா இவங்க நூல் அங்க போகாது. ஆனா பேர் வேணும். பேரில்லாம என்னால ஒன்னும் பண்ண ஏலாது. ரகசியமா வச்சுக்குவோம்."

ரகசியம் அந்த மில்லில் எத்தனை நாளைக்கு ரகசியமாக இருக்கும் என்பது மாயம்மாளுக்குத் தெரியாதா. பொங்கலுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தமிழ்மதி கல்யாணம் நின்றுபோகும்.

"பழைய சமாச்சாரமா இருந்தா?"

"நம்ம சட்டத்துல மூணு மாசக் கெடு, மிஞ்சினா இன்னொரு மூணு. இந்த ஒப்பந்தத்துல கெடு கெடையாது."

"எம்புட்டுப் பழசுன்னாலுமா?"

"எம்புட்டுப் பழசுன்னாலும்."

மாயம்மாள் வேலுசாமியை நினைத்துப் பார்த்தாள். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், எத்தனை நாள் இருப்பாரோ. செம்பட்டியில் சம்பந்தக்காரர்கள் அன்புக்கரசியை என்ன கேட்பார்கள் என்று நினைத்தாள். பயம் வரும் என்று செத்த நேரம் காத்திருந்தாள். வரவில்லை. பயப்படுவதற்கும் உள்ளே ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

"எழுதிக்கம்மா. மாயம்மாள், கணவர் பேரு வேலுசாமி."

சபிஹா அவளையே பார்த்தாள். "நீங்களா?"

"நாந்தான்."

"எப்ப நடந்துச்சுக்கா?"

எட்டு மணி நேரம் வேலை என்று சொல்கிற அதே குரலில் மாயம்மாள் சொன்னாள். "இருவத்திரண்டு வருசமாச்சு. எம்மக அப்ப வயித்துல ஏழு மாசம்."

பேனா பாதி வரியில் நின்றுவிட்டது. சபிஹாவின் கண் கலங்கியதை மாயம்மாள் பார்த்தாள். தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நிறுத்தாத தாயி, எழுது. திங்கக்கெழம அந்தப் புள்ள வேலைக்கு வருது."