ஐஸ்பெட்டியில் வைத்த எண்ணெய் ஊசி

கம்பவுண்டர் நடேசனின் சட்டையில் எண்ணெய் பீய்ச்சியடித்த அன்றுதான் எனக்கு ஊசி போடும் வேலை கிடைத்தது. அதுவரை பெரிய மார்க்கெட் பக்கத்து மருந்துக்கடையில் சிரிஞ்ச் கொதிக்க வைப்பவள் நான். பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்கு என் பெயர் எழுத வரும், அவ்வளவுதான். ஆனால் ஆம்ப்யூலை, அதான் ஊசிமருந்துக் கண்ணாடிக் குப்பியை, பார்த்தே இன்ன மருந்து என்பேன். நடேசன் லேபிள் படித்துத்தான் சொல்வார்.

வாரம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ள கோகிலா வருவாள். ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழ்ந்தவள்; இப்போது திருநங்கை என்கிறீர்கள். சைகோனில் சமையல் வேலை பார்த்தபோது இந்த மருந்தைப் பற்றித் தெரிந்துகொண்டவள். பெண் உடம்பில் ஊறும் ஹார்மோனை எண்ணெயில் கரைத்த ஊசி. டாக்டரே சீட்டு எழுதியிருந்தார். மாத்திரை போட்டால் வாந்தி; ஊசிதான் ஒத்துக்கொண்டது.

“ரவிக்கை பத்தலக்கா. தையக்காரன் முழிக்கிறான்” என்று என் காதில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வாரம் நடேசன், வெயிலில் கெட்டுவிடுமென்று, தடுப்பூசி மருந்தோடு இந்த ஆம்ப்யூல்களையும் ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டார். எண்ணெய் தேன்போல் இறுகிவிட்டது. அதைக் கஷ்டப்பட்டு சிரிஞ்சில் ஏற்றி, மெல்லிய ஊசியை மாட்டி, கோகிலா இடுப்பில் குத்தி அழுத்தினார். பிஸ்டன் அசையவில்லை. இன்னும் அழுத்தினார். ஊசியிலிருந்து சிரிஞ்ச் கழன்று, எண்ணெய் முழுக்க அவர் சட்டையில்!

“ஆம்பள உடம்பு ஏத்துக்காதுன்னு மருந்துக்கே தெரியுது பாரு. இனிமே இங்க வராத!” என்றார்.

“வேற எந்தக் கடையிலயும் இது இல்லண்ணே...” கோகிலா கெஞ்சினாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “உங்க சட்டை ஆம்பள சட்டைதான? அது மட்டும் நல்லா குடிச்சிருக்கே!”

கடையில் இருந்தவர்கள் சிரித்த சத்தம் கேட்டு முதலாளி வந்துவிட்டார்; பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி அவரை ‘முசே’ என்போம். “இன்னா அஞ்சலை?”

“எண்ணெய் இறுகிப்போச்சு முசே. சூடு காட்டினா எளகிடும். பெரிய ஊசி மாட்டி நான் போடறேன்.”

“போடு, பார்ப்போம்.”

புது ஆம்ப்யூலை உள்ளங்கையில் வைத்து உருட்டினேன். கோகிலா பிடுங்கித் தன் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். “இங்க இருக்கட்டும்க்கா. சும்மாவா வளத்தேன்?”

கால் மணி நேரத்தில் எண்ணெய் தண்ணீராய் ஓடியது. திரைக்குப் பின்னால் பொறுமையாகப் போட்டேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

முசே நடேசனிடம் சொன்னார்: “பொம்பளைங்க ஊசியெல்லாம் இனிமே அஞ்சலை போடட்டும். நீ போய் சட்டைய மாத்து.”

கோகிலா என் கையைக் கிள்ளினாள். “பொம்பளைங்கன்னாரு, கேட்டியாக்கா?”

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, மருந்து உள்ளே போகவில்லையென்றால் எண்ணெயைப் பாருங்கள், ஊசியைப் பாருங்கள். படுத்திருக்கிற உடம்பைக் குறை சொல்லாதீர்கள்.