முந்தி வந்த வண்டி

என் தாய்மாமா ஊருக்குள் யாரையும் முந்திப் போனதில்லை. செங்கம் ரோட்டில் மாட்டுவண்டி போனாலும் அதன் பின்னாலேயே பைக்கை உருட்டிக்கொண்டு வருவார். வேகத்துக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்பார். அவருடைய இடம் சென்னைக்கு வெளியே இருந்த பந்தயத் தடம். அங்கே அவர் பெயர் பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர். திருவண்ணாமலையில் பாதிப்பேருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் அதை ஒரு வேலையாக மதிக்கவில்லை.

மதித்தவர் ஒருவர் உண்டு. எங்கள் பக்கத்தில் தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்து மந்திரியாகவும் இருந்த தலைவர். மாமா பெரிய கோப்பை ஒன்றை வாங்கிய வருடம், பேருந்து நிலையத்துக்கு எதிரே வாழ்த்துப் பேனர் வைத்தார்கள். வாழ்த்திய தலைவருக்கு ஆள் உயர முகம். வாழ்த்தப்பட்ட மாமாவுக்கு மூலையில் ஒரு ஹெல்மெட். உள்ளே இருப்பது யார் என்று பெற்றவர்களுக்கே தெரியாது. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. எனக்கும்தான்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, முதல் தடவையாக எங்களைப் பந்தயம் பார்க்க அழைத்துப் போனார். ஒரு வளைவில் முன்னால் போனவரின் வண்டி சறுக்கியது; பின்னால் வந்த மாமா அதில் மோதினார். தூரத்திலிருந்து பார்த்த எனக்குத் தூசி மட்டும்தான் தெரிந்தது. சாயங்காலம் மாமா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அன்றைக்கே சென்னையில் வேறோர் ஆஸ்பத்திரியில், நிறைந்த வயதில், தலைவரும் காலமானார்.

மறுநாள் மாமாவை ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டுவந்தோம். அப்பா டிரைவர் பக்கத்தில். அம்மாவும் நானும் பின்னால், தலைமுதல் கால்வரை வெள்ளைத் துணி சுற்றியிருந்த மாமாவின் பக்கத்தில். கீழ்பென்னாத்தூரில் கடைகளெல்லாம் அடைத்திருந்தன. திருவண்ணாமலை எல்லையில் சாலையை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. எங்கள் வண்டியைப் பார்த்ததும் ஓர் அலறல் எழுந்தது. தலைவரின் உடல் அதே வழியாகத்தான் வருவதாக இருந்ததாம். நாங்கள் முந்திக்கொண்டோம்.

பின்கதவைத் திறந்தார்கள். ரோஜா மாலைகள் மாமாவின் மேல் வந்து விழுந்தன. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு, "எங்க சாமி, எங்கள விட்டுட்டுப் போயிட்டியே" என்று கதறினார்கள். கட்சித் துண்டு போட்ட ஒருவர் மாமாவின் கால்களைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இது எங்கள் மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டை இறுக்கினாள்.

"கம்முனு இரு."

கடைசியில் அப்பாதான் நெரிசலை விலக்கிக்கொண்டு பின்பக்கம் வந்து சேர்ந்தார். கையைக் கூப்பி, "இது தலைவர் இல்லீங்க, என் மச்சான். கொஞ்சம் வழி விடுங்க" என்றார்.

குழாயை மூடியதுபோல் அழுகை நின்றது. காலைக் கட்டிக்கொண்டிருந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஏதோ நாங்கள் அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாலைகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார்.

"பொணத்து மேல போட்டத எடுக்கறீங்களே, இன்னாங்க இது?" என்றாள் அம்மா.

"தலைவருக்குன்னு வாங்கினதும்மா. இன்னிக்கு ஊர்ல ஒரு மொழம் பூ கெடைக்காது. தப்பா நெனைக்காதீங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதையை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. வெளியே யாரோ யாரிடமோ, "பைக்ல ஸ்பீடா போயி உழுந்துட்டானாம்" என்று சொல்வது கேட்டது. எங்கள் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். தலைவர் ஊருக்குள் போய்ச் சேரும்வரை மாமா வெயிலில் காத்துக் கிடந்தார். சாவிலுமா பெரியவன் முதலில், சின்னவன் பின்னால்?

செய்தித்தாளில் தலைவருக்கு முழுப் பக்கம். மாமாவுக்கு உள்ளே ஒரு மூலையில் சில வரிகள்: அதிவேகமாக பைக் ஓட்டிய வாலிபர் பலி. பந்தயம் என்ற சொல்லே இல்லை. அதைப் படித்துவிட்டுத் துக்கம் கேட்க வந்தவர்கள், வயசுப் பிள்ளைகளைக் கண்டித்து வளர்க்க வேண்டும் என்று அம்மாவுக்கே புத்தி சொன்னார்கள். ஊருக்குள் அவர் வண்டி ஓட்டியதைத் தினமும் பார்த்தவர்கள்தான் அவர்கள்.

ஆனால் அன்றைக்கு என் கோபமெல்லாம் அம்மா மேல்தான் இருந்தது. வேறு யாருக்காகவோ அழுகிறவர்கள் மாமாவின் மேல் விழுந்து புரண்டபோது, ஒரு வார்த்தை சொல்லாமல் கல்லாக உட்கார்ந்திருந்தாளே. கட்சிக்காரர்களுக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். பல நாள் அவளுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரே மாமாவுக்காக அழுதுகொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரமும், அம்மா திறந்த கதவு வழியே நாங்கள் வந்த சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு யாராவது வரமாட்டார்களா என்று பார்க்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. தலைவரின் வண்டி அதற்குள் வந்துவிடக் கூடாதே என்று பார்த்திருப்பாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.