பட்டியலில் விட்டுப்போன ஊருணிக்கரை வீடு

எனக்கு அறுபத்தெட்டு வயது. வளர்த்து ஆளாக்கியது ஏழு பேரை. அதில் நான் பெற்றது நாலு. மற்ற மூன்றும் தாயில்லாமல் போன என் நாத்தனார் பிள்ளைகள். ஏழில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை.

படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் முடிவதற்குள் ஒரு பகல் போய்விடும். போகட்டும், எனக்கு என்ன அவசரம்? மிளகாய்க் காட்டில் இந்த வருசத்துப் பழம் எடுத்தாகிவிட்டது.

இதில் யார் பேரையும் நான் எழுதவில்லை. காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் பேர் எங்கள் குலசாமி பேர். அவர் உயிரோடு இருந்தபோதும் அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை; அவர் போன பிறகும் சொன்னதில்லை. அவர் பேரை விட்டுவிட்டு மற்றவர்கள் பேரை எழுதுவது மரியாதை இல்லை. அதனால் ஒருவர் பேரும் இல்லை.

எழுபத்து நாலாம் வருசம் என் மாமியார் கண்ணை மூடினார். அன்றிலிருந்து எங்கள் வகையறாவில் நல்லது கெட்டதுக்கு யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று சொல்கிறவள் நான்தான். சிக்கல் என்கிற ஊரைச் சுற்றி இருக்கிற ஊர்களில் எங்கள் பங்காளி வீடுகள் மட்டும் நாற்பதுக்கு மேல். மாமன் மச்சினன் வழி சேர்த்தால் இருநூறு தாண்டும். நான் எதையும் எழுதி வைத்ததில்லை. கிழக்குத் தெருக் கடைசியில் மனசுக்குள் நடக்கத் தொடங்குவேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்த வீட்டு ஆளை நினைத்து, அடுத்த வாசலுக்குப் போவேன். அப்படியே ஊர் விட்டு ஊர் போய்த் திரும்பி வருவேன். ஒரு வாசல்கூட விட்டதில்லை. எங்கள் பக்கம் விருந்தில் சோறு குறைந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். சொல்லவில்லை என்றால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

பெரியவன் சென்னையில், நடுவுள்ளவன் துபாயில், மகள் மதுரையில். சின்னவன் மட்டும் என்னோடு இருந்து காட்டைப் பார்க்கிறான். வெளியூரில் இருக்கிறவர்கள் மாதத்தில் மூன்று நாலு தடவை போன் போடுவார்கள். "ஆத்தா, அய்யாவுக்குத் திதி என்னைக்கு வருது?" "ஆத்தா, மாமாவோட மச்சினர் நம்பர் யார்ட்ட இருக்கும்?" நான் சொல்வேன். சொல்லிவிட்டு, மழை பெய்ததா, பேரன் சாப்பிடுகிறானா என்று பேச்சு நீளும். கேள்வி இருந்ததால்தான் பேச்சு வந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

சின்ன மருமகள் படித்தவள். ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டிலும் வாங்கி வைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, நம்ம சொந்தக்காரங்களை எல்லாம் ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. நான் ஏத்தி வச்சிடுறேன்."

"ஏத்தா, நான் செத்தா வேணும்னு இப்பவே எழுதிக்கிறியா?"

"அய்யய்யோ! நீங்க நூறு வருசம் இருப்பீங்க. எல்லாரும் உங்களையே தொந்தரவு பண்றாகள்ல, அதுக்குத்தான்."

தொந்தரவாம். நான் அப்படிச் சொன்னேனா?

ஒரு வீட்டில் போட்டதை எல்லார் போனிலும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒன்றுபோல ஆக்குவதற்கு சிங்க் என்று பேர். அவள் ஒரு நம்பரைத் தட்டினால் சென்னையில் பெரியவன் போனிலும் துபாயில் நடுவுள்ளவன் ஆபீசிலும் அதே நம்பர் போய் உட்கார்ந்துகொள்ளும். திதி, கோயில் கொடை, பிறந்தநாள் எல்லாம் அதில் உள்ள காலண்டரில் ஏறும். அந்த நாள் வருவதற்கு முதல்நாளே போன் மணியடித்துச் சொல்லும்.

நான் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"ஊருணிக்கரை வீடு."

"வீட்டுப் பேரு வேணாம் அத்தை, ஆளு பேரு?"

"உங்க மாமா பேருதான்."

"இப்பத்தான் பரமக்குடிக்காரருக்கும் அதைச் சொன்னீங்க?"

"அவருக்கும் அதான்."

"இனிஷியல்?"

"அதுவும் ஒண்ணுதான். தாத்தன் பேரைப் பேரனுக்கு விட்டா அப்படித்தான் வரும்."

அவள் சிரித்தாள். "என்ன அத்தை, உங்க வகையறால பேருக்கு இம்புட்டுப் பஞ்சமா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனாலும் எனக்கு அது முள்ளாகக் குத்தியது.

இரண்டு வாரம் கழித்து, போனையும் கம்ப்யூட்டரையும் ஒயரால் இணைத்து வைத்துக்கொண்டு, "ரெட்டை ரெட்டையாக் கெடந்துச்சு அத்தை, எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டேன். இப்பத்தான் சுத்தமா இருக்கு" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரி என்றேன்.

அதற்குப் பிறகு போன் குறைந்தது. ஆடி அமாவாசைக்குத் தேவிபட்டினத்துக்கு வருவதைப் பற்றிப் பெரியவன் என்னிடம் கேட்கவே இல்லை. நேராக வந்து நின்றான். "மெசேஜ் வந்துச்சுத்தா" என்றான். ஒருநாள் போன் போட்டான். எடுத்தது நான்தான். "ஆத்தா, நல்லாருக்கியா? சின்னவகிட்டக் குடு, காலண்டர்ல ஒண்ணு ஏறல" என்றான். கொடுத்தேன். அவள் சிரித்துச் சிரித்துப் பேசினாள். நான் சொல்லிக்கொண்டிருந்த நாளும் கிழமையும் அவள் வாயிலிருந்து போய்க்கொண்டிருந்தன. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன். அவள் விரலைப் பார்த்தால் எனக்கு எரிந்தது. ஒரு காட்டிலும் இறங்காத விரல்.

ஒரு இடத்திலாவது அந்த மெஷின் தப்புப் பண்ணும் என்று காத்திருந்தேன். திதி இங்கிலீஷ் தேதிக்கு வராது, வருசா வருசம் மாறும். அங்கே மாட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளா மாட்டுவாள்? சித்திரை பிறந்ததும் பஞ்சாங்கத்தை விரித்து வைத்து, வருசம் முழுவதுக்கும் தேதி பார்த்து ஏற்றிவிட்டாள். நான் ரகசியமாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

போன வருசம் அவளுடைய மகனுக்கு, என் பேரனுக்கு, குலசாமி கோயிலில் முடியிறக்கிக் காதுகுத்த நாள் வைத்தார்கள். பட்டியல் என் வாயிலிருந்து வரவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து காகிதமாக வந்தது. சின்னவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு வாசித்தான். ஒரு கண் காகிதத்தில், ஒரு கண் டி.வி.யில் ஓடுகிற கிரிக்கெட்டில். அவன் வாசிக்க வாசிக்க நான் மனசுக்குள் வாசல் வாசலாக நடந்தேன். என் வீட்டுக்காரர் பேரில் பரமக்குடிக் கொழுந்தன் வந்தார். அதே பேரில் இன்னொரு தடவை வரவேண்டும். வரவில்லை. பட்டியல் முடிந்துவிட்டது. ஊருணிக்கரை வீட்டு வாசலில் நான் தனியாக நின்றேன்.

அந்த ஊருணிக்கரைக் கொழுந்தன் யார் என்று சொல்ல வேண்டும். பக்கத்து ஊர், செம்மறிக் கிடை போடுகிறவர். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு, பிள்ளைகள் தலையெடுக்கும்வரை, இரண்டு வருசம் எங்கள் காட்டையும் சேர்த்து உழுது போட்டவர். ஒரு வாய்க் காப்பிக்குமேல் வாங்கிக்கொண்டதில்லை. சின்னவன் அவரைத் தினம் பார்க்கிறான். தினம் பார்க்கிற ஆளை யாரும் பட்டியலில் தேடுவதில்லை.

"யாரும் விட்டுப்போச்சாத்தா?" என்று சின்னவன் கேட்டான்.

மருமகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசையாகத்தான் பார்த்தாள், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

"அதான் மெஷினு சொல்லிருச்சுல்ல. எங்கிட்ட எதுக்குக் கேக்குற?" என்றேன்.

"பாத்தீங்களா, அத்தையே சரின்னுட்டாங்க" என்றாள் அவள்.

காதுகுத்துக்குப் பத்து நாள் இருந்தது. பத்து நாளும் எனக்கு வாய் இருந்தது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு எங்கள் வேலி ஓரமாக வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மதினி, விசேசச் சோலியெல்லாம் நடக்குதா?"

"நடக்குது தம்பி."

"பேராண்டி எப்பிடி இருக்கான்?"

"இருக்கான்."

ஆடுகள் போய்விட்டன. அவர் கொஞ்சம் நின்றார். வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பேன் என்று நின்றார். நான் பார்வையை முறத்தில் இருந்த வற்றலுக்குத் திருப்பிக்கொண்டேன். "சரி, வாரேன் மதினி" என்று போனார். காதால் கேட்டது அழைப்பு ஆகாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் நினைத்தது இதுதான்: கோயிலில் எல்லாரும் கூடியிருக்கும்போது, "அவன் எங்கே?" என்று ஒரு பெரிய மனுசன் கேட்பார். அவள் முழிப்பாள். எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். "இவ கையில இருந்த வரைக்கும் இப்படி நடந்ததுண்டா?" என்பார்கள்.

அப்படியேதான் நடந்தது. கிடாய்க்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கிற நேரத்தில் வகையறாவில் மூத்தவர் கேட்டார். "ஏலே, ஊருணிக்கரையானைக் காணோம்?"

சின்னவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பேர் இருந்தது. நம்பர் பரமக்குடி நம்பர். "ஒரே பேரு, ஒரே இனிஷியல்… ரெண்டையும் ஒரே ஆளுன்னு நெனைச்சு ஒண்ணாக்கிட்டேன்" என்று போனை மறுபடியும் தள்ளிக்கொண்டே சொன்னாள். ஒரு பங்காளி, "படிச்ச புள்ள கணக்கு இது! இருக்கிற மனுசனையே ரெட்டைன்னு அழிச்சிருச்சு" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

என் வாயில் கல்கண்டு போட்டதுபோல இருந்தது. பொய் சொல்லவில்லை, இனித்தது.

சின்னவன் மோட்டார் சைக்கிளில் பறந்தான். போன வேகத்தில் தனியாகத் திரும்பி வந்தான். அவர் விடியற்காலையிலேயே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வாசலில் உட்கார்ந்திருந்தாராம். கடைசி நேரத்திலாவது யாராவது வருவார்கள் என்று கிடையைக்கூடத் திறந்துவிடவில்லையாம். "சாமி கும்புட்டாச்சுல்ல, போப்பா" என்றாராம். கல்கண்டு கரைந்துபோனது. எனக்குப் போட்ட இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் மருமகள் யாரையும் கேட்கவில்லை. வெற்றிலை பாக்கு, பழம், கோயில் விபூதி எடுத்துக்கொண்டு, தன் மகளையும் கூட்டிக்கொண்டு, அவர் வீட்டுக்குப் போனாள். அங்கே நடந்ததைப் பேத்திதான் எனக்கு வந்து சொன்னாள்.

"அம்மா அந்தத் தாத்தா கால்ல விழுந்துச்சு அப்பத்தா. தப்பு எம்மேலதான்னு சொல்லுச்சு."

"அவரு என்னத்தா சொன்னாரு?"

"மெஷினு மறக்கும், அது பெருசில்ல. எங்க மதினி மறக்க மாட்டாகளே, அவுக எப்பிடி விட்டாகன்னு கேட்டாரு."

"அதுக்கு உங்க ஆத்தா?"

"அத்தைக்கு இப்ப மறதி வந்திருச்சு சின்ன மாமா, அவுக மேல கோவிச்சுக்கிறாதீகன்னு சொல்லுச்சு. உனக்கு மறதியா அப்பத்தா?"

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள். நான் தெரிந்தே வாய்மூடி இருந்தேன் என்று அவளுக்குத் தோன்றக்கூட இல்லை.

அந்த ஒரு சொல் நாற்பது வீட்டுக்கும் போய்விட்டது. அதற்கு ஒயரும் வேண்டாம், சிங்கும் வேண்டாம். இப்போது எல்லாரும் என்னிடம் மெதுவாக, அழுத்தி அழுத்திப் பேசுகிறார்கள். "சாப்பிட்டீகளா?" என்று இரண்டு தடவை கேட்கிறார்கள். மகள் மதுரையிலிருந்து மாத்திரை வாங்கி அனுப்பினாள். பெரியவன் போனில் நாள் கிழமை கேட்பதை முழுவதும் விட்டுவிட்டான். மருமகள் மட்டும் முன்னைவிடப் பிரியமாக இருக்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

போன வாரம் ஊருணிக்கரைக் கொழுந்தன் வேலி ஓரமாக வந்தார். கோபம் எதுவும் இல்லை. என் பக்கத்தில் வந்து, குனிந்து, சத்தமாகச் சொன்னார்: "மதினி! நான்தான்! ஊருணிக்கரை! தெரியுதா?"

தெரிகிறது தம்பி. அன்றைக்கும் தெரிந்தது.

அன்று சாயங்காலமே பேத்தியின் பழைய நோட்டில் மிச்சம் இருந்த தாளைக் கேட்டு வாங்கினேன். எனக்கு மறதி இல்லை. நாற்பது வீட்டில் ஒரு வாசலையும் நான் விட்டதில்லை. ஊருணிக்கரை வீடு பட்டியலில் இல்லை என்பது பத்து நாளும் எனக்குத் தெரியும். மருமகள் மேல் இருந்த பொறாமையில் சொல்லாமல் இருந்தேன். மறதிக்காரி என்ற பேரோடு இருப்பதைவிடப் பொறாமைக்காரி என்ற பேரோடு இருந்துவிட்டுப் போகிறேன், அதுதான் உண்மையும்கூட. எழுதியாயிற்று, இனிப் பேத்தியைக் கூப்பிட வேண்டும்.

ஏத்தா, இங்கன வா. எழுத்து கோணலா இருக்கும், பரவாயில்ல, கூட்டிக் கூட்டி மொதல்ல இருந்து வாசி. மெதுவா இல்ல, சத்தமா வாசி. உங்க ஆத்தா அடுப்படியிலதான் இருக்கா, அவளுக்குக் கேக்கணும். நாளைக்கு நீயும் நானும் ஊருணிக்கரைக்குப் போறோம், அங்கனயும் நீதான் வாசிக்கணும். உம், ஆரம்பி.