படகு விட்டுக்கொடுத்த மனுஷர்

என் வீட்டுக்காரருக்கு நான் இரண்டாந்தாரம். மூத்தாள் ஓர் இழுவைப் படகு.

சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தில் போர்க்கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் துறையில் சேர்க்கிற நீராவிப் படகு அது. அதன் எஞ்சின் அறையில் அவருக்கு வேலை. எனக்கோ மலாக்காவில், காஜா பெராங்கில் வாடகை வீடு. மாதம் ஒருமுறை வருவார். வந்த களைப்புத் தீருமுன் கிளம்பிவிடுவார்.

அந்த மூத்தாளுக்கு ஆயுசு கெட்டி. ஜப்பான்காரன் வந்தபோது வெள்ளைக்காரனே மூழ்கடித்துவிட்டு ஓடினான். ஜப்பான்காரன் தூக்கி நிறுத்தி ஓட்டினான். அவன் தோற்றதும் வெள்ளைக்காரன் படகையும் எடுத்துக்கொண்டான், இவரையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டான். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு நாங்கள் ஒன்றாக இருந்தது அந்த ஜப்பான் காலத்தில்தான். எனக்கு அது நல்ல காலம் என்று வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள்.

அதன்பிறகுதான் எங்களுக்கு மகள் பிறந்தாள். பிறந்த வாரமே போய்விட்டாள். தந்தி கிடைத்து இவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவள் முகத்தை இவர் பார்க்கவேயில்லை. விடுப்பில் வரும் மனுஷரிடம் அதைப் பேச எனக்கு மனம் வரவில்லை. வேலை முடிந்து வீட்டோடு வரட்டும், உட்கார்ந்து நிதானமாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

படகில் ஒரு வழக்கம். மேலேயிருந்து வரும் உத்தரவை அப்படியே திருப்பிக் கத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும். வீட்டுக்கும் அதைக் கொண்டுவந்தார்.

"என்னங்க, தண்ணி புடிச்சு வைங்க."

"தண்ணி புடிச்சு வைக்கிறேன்."

"நான் என்ன ஒங்க கேப்டனா? தெருவே சிரிக்குது."

"பழகிப் போச்சு புள்ள."

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகு டீசல் படகுகள் வந்தன. இதைப் பழைய இரும்புக்கு விற்றார்கள். பெட்டியோடு வந்து இறங்கியவர் வாசலிலேயே அழுதார். எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் அடுப்பில் குனிந்தபடியே தண்ணீர் பிடிக்கச் சொன்னேன். பதில் இல்லை. அப்பாடா, தொல்லை விட்டது என்று சிரித்துக்கொண்டேன். குடமும் நகரவில்லை. திரும்பினால், மனுஷர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காப்பி குடிக்கிறார். கிட்டே போய்க் கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை.

எஞ்சின் இரைச்சல் காதை எப்போதோ தின்றுவிட்டிருக்கிறது. பழகிய சின்னச் சின்னப் பேச்சை என் வாயைப் பார்த்தே சமாளித்திருக்கிறார்.

"ஏன் சொல்லல?" என்று காதோரம் கத்தினேன்.

"சொன்னா வேலைய விட்டுத் தூக்கிருவாங்களே. அங்கயும் கூட நின்னவன் வாயப் பாத்தேதான் ஓட்டுனேன்."

பிறகு எல்லாமே கத்தல்தான். பக்கத்து வீட்டு அக்கா, தலைமுறைகளாக மலாய் பேசித் தமிழ் மறந்துபோன மலாக்காச் செட்டி வம்சம், தினமும் என்ன சண்டை என்று மலாயில் கேட்பார். எழுதிக் காட்டலாமென்றால் இவருக்குப் படிக்கத் தெரியாது. சோறு ஆச்சு, மழை வருது, கதவைச் சாத்துங்க என்பதையெல்லாம் கத்தலாம். மகள் அப்படியே உங்களை உரித்து வைத்திருந்தாள் என்பதை எப்படிக் கத்துவது? அவர் கண்ணை மூடும்வரை நான் சொல்லவில்லை.