காதில் இரட்டை வெட்டு

ஞாயிறு காலை ஐந்தரை மணி. ஆய்க்குடியில் பக்கத்து வீட்டு மாடத்தியின் பட்டியில் முதலில் கண்ணில் பட்டவை, வாயில் நுரையோடு செத்துக் கிடந்த இரண்டு ஆடுகள். மற்றவை தலை தொங்கி நின்றன. அவளுக்குப் பிழைப்பே அந்த ஆடுகள்தான். எண்பதுகளின் தொடக்கம், குற்றால சீசன் நேரம் அது.

விடிவதற்குள் ஆட்டுத் தரகர் வந்துவிட்டார்.

"ஒரு வெல சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள் மாடத்தி.

"ஏட்டி, நோய் ஆட்டுக்கு ஏது வெல? தோலுக்கு உண்டான காசுதான் தருவேன். நிக்கதும் சாயங்காலத்துக்குள்ள விழுந்துரும். மனசில்லன்னா குழி வெட்டிப் பொதச்சுக்கோ."

எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள். தோலை உரித்துக்கொண்டு புதைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்குக் குற்றாலம் சாலையில் ஒரு கடையில் கறி கேட்டேன். தொங்கிய தொடையில், சுகாதார ஆய்வாளர் சோதித்த ஆடு என்பதற்கான ஊதா முத்திரை இருந்தது. நிறுக்கும்போது பலகையில் இருந்த தலையைப் பார்த்தேன். இடது காதில் இரட்டை வெட்டு. எங்கள் ஊரில் ஒவ்வொருவர் ஆட்டுக்கும் ஒரு காதடையாளம் உண்டு; இரட்டை வெட்டு மாடத்தியுடையது. ஆய்வாளரிடம் இருக்க வேண்டிய முத்திரைக் கட்டை கல்லாப்பெட்டி மேலேயே கிடந்தது.

வாங்காமல் திரும்பினேன். இப்போது முத்திரையை நம்புவதில்லை. ஆடு உயிரோடு நிற்பதைப் பார்த்த பிறகே கறி வாங்குகிறேன்.

அந்தக் கடையில் அன்றைய கறி விலை, முந்தின ஞாயிற்றுக்கிழமை விலையேதான்.