எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருந்த மச்சம்

என் இடது தாடையில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம் இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட அதைக் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் பிடிக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேலையூர் கேம்ப் ரோடில் ஒரு பியூட்டி பார்லர் திறந்தார்கள். வீட்டில் கேட்காமல் போய்ச் சுட்டு எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் அந்த இடம் புளியங்கொட்டை மாதிரி புடைத்துக்கொண்டது. ஓயாத அரிப்பு வேறு.

"சும்மா இருந்ததைப் போய் நோண்டுவாங்களாடி?" என்றார் அம்மா.

தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து, பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போனேன். டாக்டரம்மா தழும்பை அழுத்திப் பார்த்தார். "இது கீலாய்டும்மா, தடிச்சு வளர்ற தழும்பு. வெட்டினா இன்னும் பெரிசா வளரும். மாசம் ஒரு ஊசி, தழும்புக்குள்ளேயே போடணும். தட்டையாகும். முழுசா மறையாது."

அந்தக் கடைசி வார்த்தையில் அழுதுவிட்டேன்.

நாலு ஊசி முடிந்த சமயம், அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு ஆறு வருஷம் காத்திருந்த வேலை. அதிகாரி என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளங்களைப் படித்தார்.

"இடது தாடையில் ஒரு மச்சம். எங்கேம்மா?"

அதில் எழுதியிருந்ததைச் சுத்தமாக மறந்திருந்தேன்.

"எடுத்துட்டேன் சார்."

"அடையாளத்தையா? சரி, ரெண்டாவது என்ன?"

"வலது முழங்காலுக்கு மேல ஒரு தழும்பு சார்."

நான் புடவையில் நின்றிருந்தேன். பின்னால் வரிசையில் ஏழெட்டு ஆண்கள். அதிகாரி சட்டென்று குனிந்து ஃபைலைப் புரட்டினார்.

நல்லவேளை, கைப்பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு கிடந்தது. மச்சம் எடுத்த இடத்தில் தழும்பு என்று டாக்டரம்மா அதில் தெளிவாக எழுதியிருந்தார். அதிகாரி சீட்டையும் என் தாடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இந்தத் தழும்பையாவது விட்டு வைங்கம்மா."

அடுத்த மாதம் ஊசிக்குப் போனபோது வேலைக்கான ஆர்டர் இன்னும் வரவில்லை. சேரும்போது மறுபடி பார்ப்பார்களோ என்று பயம்.

"இன்னும் போட்டா இது மொத்தமா போயிடுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பாவம், தயங்கித் தயங்கி, "தட்டையாகும்மா. முழுசா மறையாது" என்றார்.

"ரொம்ப தேங்க்ஸ் டாக்டர்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.