மேனேஜர் தட்டினால் தப்பாகாதா?

போன செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குப் போன மாரியக்கா, போன வேகத்தில் திரும்பி வந்தார். விளாங்குடியில் எங்களுக்கு அடுத்த வீடு. கணவர் இல்லை. இரண்டு பெண்களையும் நூல் மில் வேலையை நம்பித்தான் படிக்க வைக்கிறார்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"கேட்டுலயே நிறுத்திட்டாக தம்பி... கம்ப்யூட்டர்ல என் பேரு இல்லையாம்ல!"

கம்ப்யூட்டரில் இல்லையாம்! ஆள் என் எதிரே நிற்கிறார்... தூக்குவாளியோடு!

எனக்குப் பொறுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினேன்.

மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் மேனேஜருக்கு அதன்மேல் அப்படியொரு பக்தி. "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சார். வேலையை விட்டு நின்ன ஆளா இருக்கும்" என்றார்.

முந்தின நாள் வரை வேலை பார்த்தவர் எப்போது நின்றார்?

அந்த மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் மல்லிகா. பழங்காநத்தத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். மேனேஜரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நேத்து விருந்தாளிங்களுக்குக் காட்டணும்னு நீங்கதான் சார் உக்காந்தீங்க. உங்க பாஸ்வேர்டு போட்டா எதை வேணா அழிக்கலாம். கை தவறி அக்கா பேரு அழிஞ்சிருச்சு. ப்ளாப்பி டிஸ்க்ல பழைய பேர்ப்பட்டியல் இருக்கு, ஏத்திடுறேன்."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "இனிமே உங்களுக்குப் பார்க்க மட்டும் வச்சிரலாம் சார். மாத்தணும்னா இன்னொருத்தரும் சேர்ந்து ஒத்துக்கணும்."

"என் மில்லுல எனக்கே பூட்டா?" — மேனேஜர் குதித்தார். அவர் மில்லா? அவரும் சம்பளம் வாங்குகிறவர்தானே!

மாரியக்காவின் பெயர் அன்றே ஏறிவிட்டது. ஆனால் மறுநாள் மல்லிகாவைக் கழிவுப் பஞ்சு குடோனுக்குத் தூக்கிப் போட்டார்கள். தப்பைச் சொன்னவளுக்குப் பஞ்சுத் தூசி... செய்தவருக்கு ஏ.சி. ரூம்! என்ன நியாயம் இது?

விஷயம் தெரிந்ததும் மாரியக்கா ஷிப்டுக்குப் போகவில்லை. கேட் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அதான் பேரு வந்திருச்சுல்லக்கா, உள்ள போங்க" என்றார் வாட்ச்மேன்.

"எனக்காகப் பேசுன பிள்ள தூசில கெடக்கு. நான் மட்டும் உள்ள போயி என்ன செய்ய?"

மாரியக்காவோடு வேலை பார்க்கும் பெண்கள் அத்தனை பேரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் முதலாளியின் கார் வந்தது. விஷயத்தைக் கேட்டவர், எல்லார் முன்னாலும் மேனேஜரிடம் சொன்னாராம்: "கோயில் உண்டியலையே ஒத்த ஆளாத் தொறக்க விடமாட்டாக. நீரு எம்புட்டுப் பெரிய ஆளுய்யா?"

மல்லிகா பழைய வேலைக்கு வந்தாள். மேனேஜருக்கு இப்போது பார்க்க மட்டும்தான் அனுமதி.

எனக்கு இன்னும் ஆறவில்லை. கீழே இருப்பவர் கை தவறினால் ஒரு இழை அறும். மேலே இருப்பவர் கை தவறினால் ஒரு ஆளே காணாமல் போகிறார். கட்டுப்பாடு யாருக்கு அதிகம் வேண்டும்? நாமோ பதவி ஏற ஏற, பூட்டுகளைக் கழற்றிக்கொண்டே போகிறோம்.

மாரியக்காவிடம் மேனேஜர் மன்னிப்புக் கேட்டாரா என்கிறீர்களா? கம்ப்யூட்டரில் அதற்குப் பொத்தான் இல்லையாம்!